தெருவிலிருந்து தெரிவது

மாதத்தின் இரண்டாவது செவ்வாய், மாலை ஏழு மணி.
நகராட்சிக் கூடத்தில் ஹீட்டர் இருமுகிறது.
கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை:
முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார்.
பெருமூச்சுகளுக்குப் படிவத்தில் இடமில்லை.

பொருள் எண் நான்கு.
மில் தெரு, இருநூற்றுப் பதினேழு.
மரவீடு, இரண்டு தளம், கட்டியது 1887.
உள்ளூர்ப் பாரம்பரியச் சின்னமாக
அறிவிக்கலாமா, வேண்டாமா.

திரையில் படம் விழுகிறது.
ஒஹாயோவின் நவம்பர் மாதச் சேற்று வெளிச்சத்தில்
அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத வீடு.
முகப்பு முழுக்க அலுமினியத் தகடு,
பல்செட்டு மாட்டியவர் புகைப்படத்துக்குச் சிரித்ததுபோல.

மனு கொடுத்தவர் ஆர்லிஸ் ஹோபன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்,
சாவிக்கொத்து இடுப்பில் கிலுகிலுக்க எழுந்தார்.
"யாரோ ஒரு நீதிபதி ஓர் இரவு தூங்கினாராம்,
அதற்காக இந்த ஊரில்
மூன்று வீடுகளுக்குப் பித்தளைப் பட்டயம்.
இந்த வீட்டில் தீடா புரூன்
முப்பத்தொரு வருடம் தூங்காமல் இருந்தாள்."

முன்னறையில்தான் அன்று தொலைபேசி இணைப்பகம்.
பலகையில் நாற்பது துளைகள்,
செருகவும் பிடுங்கவும் பின்னல் கயிறுகள்.
பிரசவவலி, தீ விபத்து, பன்றி விலை,
பாதிரியாருக்குத் தெரியக்கூடாத காதல்,
எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின.
ஆறு கரையை உடைத்த இரவில்
முழங்கால் தண்ணீரில் நின்றபடி
தாழ்ந்த தெருக்களை எண் எண்ணாக அழைத்தாள்:
மேடேறுங்கள், மேடேறுங்கள்.
ஓர் எண் மட்டும் எடுக்கவில்லை.
விடியும்வரை அதற்கு மணியடித்தபடி இருந்தாளாம்.
தங்கையின் வீடு.

"இருபத்தாறாம் எண் எங்களுடையது.
எங்கள் ஆட்கள் எடுத்தார்கள்" என்றார் ஆர்லிஸ்.
உட்கார்ந்துவிட்டார்.
இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல்
"மனுதாரர் விளக்கமளித்தார்" என்று எழுதினேன்.

நகராட்சி வக்கீல் தொண்டையைச் செருமினார்.
சட்டம் காப்பது தெருவிலிருந்து தெரிவதை மட்டும்.
கூரை, ஜன்னல், புகைபோக்கி.
முன்னறையை நாளைக்கே இடித்துக்
குளியலறை ஆக்கினாலும் கேட்பாரில்லை.

உறுப்பினர் மேவிஸ் டிராட்டுக்கு ஒரு சந்தேகம்:
தகடு அடித்தது 1962-இல்.
ஐம்பது வருடம் தாண்டினால் எதுவும் பழமைதானே,
அப்படியானால் தகட்டையும் காக்க வேண்டுமா?
யாரும் சிரிக்கவில்லை.
விதிப்புத்தகம் இரண்டு முறை புரட்டப்பட்டது.

கடைசியில் வீட்டுக்காரர்.
டாரல் குசின்ஸ்கி, தொப்பியைக் கழற்றவில்லை.
"ஜன்னல் பத்தொன்பது. ஒன்றுகூட ஒழுங்காக மூடாது.
ஜனவரியில் கேஸ் பில் நானூறு டாலர்.
அந்தம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.
ஆனால் உங்கள் சரித்திரத்தில்
காற்றுப் புகுகிற ஓட்டை அதிகம்.
பிளாஸ்டிக் ஜன்னல் போடப்போகிறேன் என்றால்
இனி உங்கள் ஏழு பேரிடம் வந்து நிற்கணும்.
பட்டயம் குளிர் தாங்குமா?"

வாக்கெடுப்பு. ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று.
தீர்மானம் நிறைவேறியது.
தகடு பற்றிய முடிவு ஒத்திவைக்கப்பட்டது.
ஆர்லிஸ் கைநீட்டினார்;
டாரல் அந்தக் கையைப் பார்த்தார்,
கொஞ்ச நேரம் கழித்துக் குலுக்கினார்.
காபிக் கோப்பைகளை நான்தான் பொறுக்கினேன்.

வீடு திரும்பும் வழியில் மில் தெரு இல்லை.
இருந்தும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.
முன்னறையில் விளக்கு.
டாரல் ஸ்டூல் மேல் நின்று
ஜன்னல் சட்டத்தில் பாலித்தீன் தாளை ஒட்டி
முடி உலர்த்தும் கருவியால் அதைச் சூடாக்குகிறார்.
சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்கித்
தாள் முரசுத்தோலாய் விறைக்கிறது.
ஒரு காதைக் கண்ணாடியருகே வைத்து
எங்காவது இன்னும் காற்று வருகிறதா என்று கேட்கிறார்.
அடுத்த ஜன்னலுக்கு நகர்கிறார்.
பதினெட்டு பாக்கி.

உள்பக்க வேலை. அனுமதி தேவையில்லை.
தெருவிலிருந்து நன்றாகவே தெரிந்தது.